வண்டிக்குள் இணையம்: பூஸ்டர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரவன் என்றால் நடிகர்கள் படப்பிடிப்புக்கு இடையில் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நம்மூரில் பேச்சு. இப்போது டெம்போ டிராவலரையோ பழைய மினி பஸ்ஸையோ வாங்கிப் படுக்கையும் அடுப்பும் மேசையும் போட்டு, வால்பாறையிலோ ஏற்காட்டிலோ நிறுத்தி, அங்கிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். அவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஒரு வரியைத் தவிர நன்றாகவே இருந்தது. சிக்னல் குறைந்த இடத்தில் ஒரு மொபைல் பூஸ்டரைக் கூரையில் பொருத்திக்கொண்டால் போதும் என்ற வரி அது. அதை நம்பிப் பணம் போடுகிறவருக்குச் செலவோடு சட்டச் சிக்கலும் சேரும்.

பூஸ்டர் என்றாலும் ரிப்பீட்டர் என்றாலும் கருவி ஒன்றுதான். வெளியே ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி. அமெரிக்காவில் இது கடையில் கிடைக்கிறது. அங்கே 2014 முதல் விற்கும் பெட்டிகள், டவருக்குத் தொந்தரவு வந்தால் தாமாகவே அடங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. வாங்கியவர் தன் நெட்வொர்க்கிடம் பதிவும் செய்தாக வேண்டும். அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்து இங்கே சொல்லப்படும் யோசனை இது. இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் இதை விற்பதோ வாங்குவதோ பொருத்துவதோ சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை பலமுறை அறிவித்திருக்கிறது. ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறதே என்பது சமாதானம் ஆகாது.

சட்டத்தை விடுங்கள், வண்டியில் இது ஒழுங்காக வேலை செய்வதே கடினம். கூரை ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் நடுவே ஆறேழு அடிதான் இருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் ‘கூ’வென்று அலறுமே, அதே அலறல் ரேடியோ அலையில் நடக்கும். நம் காதில் விழாது, டவரின் காதில் விழும். அந்த இரைச்சலுக்கு அடியில் சுற்றுவட்டாரப் போன்கள் எல்லாம் அமுங்கிப் போகும். தவிர, 4ஜி வேகத்தில் பாதி, ஒரே நேரத்தில் இரண்டு தடங்களில் தரவு வருவதால் கிடைப்பது. ஒற்றைக் கம்பியில் வேலை செய்யும் மலிவு பூஸ்டர் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சிக்னல் கோடு ஏறும், வேகம் ஏறாது.

சரி, வேறு என்னதான் செய்வது? தகர பாடி சிக்னலை வெளியிலேயே நிறுத்துகிறது. உள்ளே வருவது பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான். அதிலும் உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த வழியும் பாதி அடைத்துக்கொள்ளும். பத்து டெசிபெல் குறைந்தால் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது கணக்கு. ஆகவே, ஆன்டெனாவை வெளியே வைத்து, அதை ரவுட்டரின் மோடத்தோடு, அதாவது சிம்மை வைத்து டவரோடு பேசும் பகுதியோடு, ஒயரில் நேராக இணைக்க வேண்டும். இதில் எதையும் பெருக்கும் வேலை இல்லை. ஆன்டெனா இடம் மாறுகிறது, அவ்வளவுதான். போன், மடிக்கணினி எல்லாம் வண்டிக்குள்ளே அந்த ரவுட்டரின் வைஃபையில் இருக்கும்.

வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கத் தெரிய வேண்டும். போனில் தெரியும் நாலு கோட்டை நம்பக் கூடாது. ஆண்ட்ராய்டில் ‘போனைப் பற்றி’ பகுதிக்குள் சிம் நிலை என்று ஓர் இடம் உண்டு. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இன்னும் விவரமாகக் கிடைக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஆர்எஸ்ஆர்பி சிக்னலின் பலத்தைச் சொல்லும்: மைனஸ் 95 வரை நிம்மதி, மைனஸ் 105 வரை சமாளிக்கலாம், மைனஸ் 115-ஐத் தாண்டினால் வெளி ஆன்டெனா இல்லாமல் வேலைக்கு ஆகாது. எஸ்ஐஎன்ஆர் சிக்னலின் தெளிவைச் சொல்லும்: 15-க்கு மேல் நன்று, 5-க்குக் கீழே வீடியோ தடுமாறும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் வண்டியை நகர்த்துங்கள். பலம் நன்றாக இருந்து தெளிவு மோசமாக இருந்தால், பல டவர்களின் சத்தம் ஒன்றோடொன்று மோதுகிறது என்று பொருள். அங்கே நாலாபுறமும் கேட்கும் ஆன்டெனா பயன்படாது, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் பேனல் ஆன்டெனா பயன்படும். இரண்டு எண்ணும் நன்றாக இருந்தும் தரவு நகரவில்லையா? டவரில் கூட்டம். சனி, ஞாயிறு கொடைக்கானலில் கோடு நிறைய இருந்தும் ஒரு படம் கூடப் போகாதது இதனால்தான். அதற்கு எந்த ஆன்டெனாவாலும் மருந்து கிடையாது, வேறு நிறுவனத்து சிம்தான் மருந்து.

வேகச் சோதனைச் செயலியில் வரும் டவுன்லோடு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வீடியோ கூட்டத்துக்கு அப்லோடில் நிலையான 2 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். நிலையாக இருப்பதுதான் அரிது. மடிக்கணினியின் கட்டளைத் திரையில் 8.8.8.8 என்ற முகவரிக்கு நூறு முறை பிங், அதாவது போய்த் திரும்பும் சிறு சோதனைச் செய்தி, விட்டுப் பாருங்கள். சராசரி 100 மில்லிசெகண்டுக்குள், ஒன்றுக்கு மேல் தொலையாமல், குறைந்ததற்கும் கூடியதற்கும் பெரிய இடைவெளி இல்லாமல் வந்தால் அந்த இடம் தேறும். இதைக் காலை ஆறு மணிக்குச் செய்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசுகிறவர்களுக்குக் கூட்டம் இரவு எட்டு மணிக்கு. ஊரே சீரியலும் ரீல்ஸும் பார்க்கும் நேரமும் அதுதான். சோதனையையும் அந்த நேரத்திலேயே வையுங்கள்.

இரண்டு சிம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த இரண்டு என்பதில்தான் சூட்சுமம். ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் பல இடங்களில் ஒரே கம்பத்தில், இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் டவரில் ஏறியிருப்பவை. அந்தக் கம்பத்தின் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஜியோவின் டவர்கள் பெரும்பாலும் தனி. பிஎஸ்என்எல்லுக்குச் சொந்த டவர்கள். ஆகவே ஏர்டெல்லும் ஜியோவும், அல்லது இவற்றில் ஒன்றும் பிஎஸ்என்எல்லும் என்று ஜோடி சேர்ப்பது புத்திசாலித்தனம். 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்ட பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகளே மலைமுகட்டைச் சுற்றிக்கொண்டும் மரத்தை ஊடுருவியும் வரும். ரவுட்டர் வாங்கும்போது 1, 3, 5, 8, 40 ஆகிய பேண்டுகளோடு (அலைவரிசைகளின் எண்கள்) 700 மெகாஹெர்ட்ஸுக்கான 28-ம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மாமா பிள்ளை கொண்டுவந்து கொடுக்கும் ரவுட்டரில் 12, 13, 71 என்று இருக்கும். அந்த மூன்றும் இங்கே ஒலிபரப்பே ஆவதில்லை.

5ஜி-யைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் மோடம் 4ஜி-க்கும் 5ஜி-க்கும் தாவிக்கொண்டே இருக்கும். தாவும் ஒவ்வொரு முறையும் உங்கள் முகம் திரையில் உறையும். கூட்ட நேரத்தில் ரவுட்டரை 4ஜி-யில் பூட்டிவையுங்கள். ஆனால் பூட்டியதும் ‘அளவில்லா 5ஜி’ சலுகை நின்று, நாள் கணக்குத் தரவு கரையத் தொடங்கும். 720பி தரத்தில் ஜூம் கூட்டம் போக வர 1.2 எம்பிபிஎஸ் வீதம் எடுக்கிறது, மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல். நாளுக்கு 2 ஜிபி திட்டம் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கிடைக்கும் 64 கேபிபிஎஸ்ஸில் குரல் கூடத் திக்கும். நாள் கணக்கில்லாமல் மாத மொத்தமாகத் தரும் போஸ்ட்பெய்டு திட்டமே வண்டிக்குப் பொருத்தம். வங்கி ஓடிபி வரும் சிம்மைத் தவறியும் ரவுட்டருக்குள் போடாதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியைத் தேடி ரவுட்டர் பக்கத்துக்குள் நுழைவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும்.

‘டூயல் சிம் ரவுட்டர்’ என்று விற்பதில் பெரும்பாலும் சிம் இரண்டு, மோடம் ஒன்று. முதல் சிம் போனால் அது கழற்றி, மாட்டி, பதிவாகி எழ அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருப்பீர்கள். மோடமும் இரண்டாக இருப்பதே நல்லது. செலவு குறைந்த வழி: ஒரு சிம் ரவுட்டரில், இன்னொரு சிம் பழைய ஆண்ட்ராய்டு போனில், அந்தப் போனின் இணையத்தைப் பகிரும்படி (டெதரிங்) வைத்து ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் மாட்டுவது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டர்கள் இதை ஏற்கும். இரண்டையும் ஓயாமல் பிங் விட்டுச் சோதித்து, ஒன்று விழுந்தால் சில விநாடிகளில் மற்றதுக்குத் திருப்பிவிடும். அப்போது ஐபி முகவரி மாறுவதால் கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் விபிஎன் இணைப்பு ஒருமுறை அறுந்து ஒட்டும். அந்த வெட்டும் கூடாது என்பவர்கள் ஸ்பீடிஃபை செயலி, பெப்லிங்க் ரவுட்டரின் ஸ்பீட்ஃப்யூஷன் போன்ற, இரண்டு இணைப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் பிணைப்பு வழிகளுக்குப் போக வேண்டும். இரு சிம்மிலும் ஒரே தரவை அனுப்பும்படி வைத்தால் செலவும் இரட்டை. ஸ்பீடிஃபை போன்றதைக் கம்பெனி மடிக்கணினியில் நிறுவ ஐடி துறை அநேகமாக விடாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டெனாவில் பணத்தை வீணடிப்பது ஆன்டெனா அல்ல, ஒயர். மெல்லிய ஆர்ஜி58 ஒயர் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு முக்கால் டெசிபெல்லுக்கு மேல் தின்னும். பத்து மீட்டர் ஓட்டினால் 5 டெசிபெல் ஆன்டெனா கொண்டுவந்ததெல்லாம் ஒயரிலேயே போய், மேலும் கடன். எல்எம்ஆர்240 வகையில் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. எதுவானாலும் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம். தூரம் தேவைப்பட்டால் ரவுட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிளை நீட்டுங்கள், அதில் இந்த இழப்பு கிடையாது. 4ஜி-க்கு ஆன்டெனாவிலிருந்து இரண்டு ஒயர் வர வேண்டும், இரண்டையும் மாட்ட வேண்டும். இனி ஒரு சின்ன வில்லங்கம்: ரவுட்டரின் மொபைல் துளை எஸ்எம்ஏ, வைஃபை துளை ஆர்பி-எஸ்எம்ஏ. மரை ஒன்றே என்பதால் மாற்றிப் போட்டாலும் அழகாக முறுக்கிக்கொள்ளும். ஆனால் நடுவில் ஊசியும் துளையும் சரியாகச் சேராது. ‘ஆன்டெனா மாட்டியும் ஒன்றும் மாறவில்லை’ என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

காந்த அடி கொண்ட ஆன்டெனாவுக்குக் கீழே இரும்புத் தகரம் வேண்டும்; ஃபைபர் கூரையில் அது ஒட்டவும் ஒட்டாது, கேட்கவும் கேட்காது. கூரையில் துளை போட்டால் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கிளாண்டும், நீர் புகாமல் அடைக்கும் பியூட்டில் சீலண்டும் வைத்து, ஒயரை நுழையுமுன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைநீர் ஒயர் வழியே உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும். வெளி இணைப்புகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றவில்லை என்றால் ஐப்பசி அடைமழையில் உள்ளே பச்சை பூத்துவிடும். நிறுத்திய இடத்தில் கம்பம் ஏற்றி டவரைப் பார்த்துத் திருப்பும் ஆன்டெனா நல்ல பலன் தரும். இடி இடித்தால் இறக்கிவிடுங்கள், வண்டியை எடுக்குமுன்னும் இறக்கிவிடுங்கள். இரண்டாவதை மறந்தவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவில் மரக்கிளை நினைவூட்டும். ரவுட்டரைக் கூரைத் தகரத்தை ஒட்டி அலமாரியில் அடைக்கவும் கூடாது. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் கூரையடி வீட்டு ரவுட்டர் தாங்கும் 40 டிகிரியை எளிதில் தாண்டும். சூடேறிய மோடம் வேகத்தைக் குறைக்கும், பிறகு தானே அணைந்து எழும்.

இணையம் போய்விட்டது என்ற புகார்களில் கணிசமானவை மின்சாரப் புகார்கள். 12 வோல்ட் ரவுட்டர், 12 வோல்ட் பேட்டரி, நேராக மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். எஞ்சின் ஓடும்போது டைனமோ 14.4 வோல்ட் வரை கொடுக்கும். செல்ஃப் அடிக்கும் கணத்தில் அதே ஒயரில் 9 வோல்ட்டுக்கு இறங்கும். முதலாவது ரவுட்டரை மெல்லக் கொல்லும், இரண்டாவது ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்யவைக்கும். நடுவே ஏற்றி இறக்கி நிலையாக 12 வோல்ட் தரும் சிறு கன்வெர்ட்டரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸும் வையுங்கள். டெல்டோனிகா போன்ற தொழிற்சாலை ரவுட்டர்கள் 9 முதல் 30 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. விலை கூடுதல் என்றாலும் இந்தத் தலைவலி கிடையாது. சாதாரண ரவுட்டரின் உருளைப் பின் மலைச்சாலைக் குலுக்கலில் தளரும், ஒயரைப் பிளாஸ்டிக் கேபிள் டேகால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

கணக்கு இப்படி வரும். ரவுட்டர் 10 வாட், இரண்டாவது மோடம் 5, மடிக்கணினி சராசரி 45, தனித் திரை 20. ஆக 80 வாட், ஒன்பது மணி நேரத்துக்கு 720 வாட்-அவர். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-அவர் உண்டு. எண்பது சதவீதம் எடுத்தால் ஃபேனுக்கும் விளக்குக்கும் மிச்சம் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 900-தான் கிடைக்கும், அதுவும் ஐம்பது கிலோவுக்கு மேல் எடையோடு. இன்வெர்ட்டரைச் சும்மா போட்டு வைத்தாலே அது 10 முதல் 20 வாட் வரை குடிக்கும். மடிக்கணினிக்கு 12 வோல்ட்டிலிருந்தே ஓடும் 65 அல்லது 100 வாட் டைப்-சி சார்ஜர் வாங்கினால் பகல் முழுக்க இன்வெர்ட்டரை அணைத்தே வைக்கலாம். கூரையில் 200 வாட் சோலார் போட்டால் சமவெளி வெயிலில் நாளுக்கு 700 வாட்-அவர் அளவில் வரும். ஊட்டிப் பனிமூட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிர்ஷ்டம். ஓட்டும்போது சார்ஜ் ஏற, பிஎஸ்6 வண்டிகளில், எஞ்சினிலிருந்து வரும் மின்சாரத்தை இந்த பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் தனி டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

செயற்கைக்கோள் இணையம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் தந்தது உண்மை. ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய டிஷ்ஷைக் கொண்டுவந்து இங்கே கூரையில் வைக்க அந்த உரிமம் இடம் தராது. சட்டப்படி கிடைத்தாலும் அதன் மினி டிஷ் 25 முதல் 40 வாட் வரை இழுக்கும், திறந்த வானமும் வேண்டும். சோலைக்காட்டு ஓரமோ, சில்வர் ஓக் வரிசைக்கு நடுவிலோ நிறுத்தினால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடும்.

இடம் பார்ப்பதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடங்களும், டவர்கள் எங்கே என்று காட்டும் அரசின் தரங் சஞ்சார் தளமும் உதவும். வரைபடத்தின் பச்சை நிறம் வெட்டவெளிக் கணிப்பு. பள்ளத்தாக்கும் கூட்ட நெரிசலும் அதற்குத் தெரியாது. மலையில், முகட்டுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் டவரைவிடப் பள்ளத்துக்கு எதிரே ஐந்து கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரியும் டவர் மேல். வண்டியை இருநூறு மீட்டர் நகர்த்தினாலே கதை மாறும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும் கூட்டத்தில் பேசிக்கொண்டே போகலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் ரவுட்டரில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை நெட்வொர்க் வந்து ஒட்டிக்கொள்வதுண்டு.

கூட்டத்துக்கு முன் மடிக்கணினியில் அந்த வைஃபையை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்துவிட்டால் விண்டோஸ் தன் பெரிய அப்டேட்டுகளைத் தள்ளிப்போடும். கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் இரண்டையும் நிறுத்திவையுங்கள். நேற்று எடுத்த அருவி வீடியோ மேலே ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் குரலுக்கு வழி கிடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் தரவு விழும் நாள் வரும். கூட்ட அழைப்பில் தொலைபேசி எண் தந்திருந்தால் சாதாரண போன் அழைப்பாக அதில் சேருங்கள். 4ஜி-யில் குரல் அழைப்புக்கு டவர் தனித் தடம் ஒதுக்கி முன்னுரிமை தருவதால், வாட்ஸ்அப் செய்தி கூடப் போகாத நெரிசலிலும் அந்த அழைப்பு பெரும்பாலும் நிற்கும். அதற்காகவே ஒரு சிம் எப்போதும் கைப்போனில் இருக்கட்டும்.

பூஸ்டர் பற்றிய அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பஸ் பாடி மின்வேலையில் இருக்கும் வாசகர்,
கரூர்.